கேசட் அட்டையில் இடப்பக்கம் நீண்ட குழல்

1

இந்தக் கதை ஒரு பழைய கேசட் அட்டையிலிருந்து வந்தது. புல்லாங்குழல் வித்வான் வேங்கடாசலத்துக்குத் திருப்பதியில் பாராட்டு விழா. விழா மலருக்கு அவர் வாழ்க்கையை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் கேசட்டின் அட்டையில் முகம் இருட்டாக இருக்கிறது. கைகளும் குழலும் மட்டும் தெளிவு. குழல், வாசிக்கிறவரின் இடத்தோள் பக்கம் நீண்டிருக்கிறது. அவரோ நாற்பது வருடமாக வலப்பக்கம்தான் பிடிக்கிறார்.

2

"நகரியில், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்த அந்தக் குழந்தை முதல் அழுகையையே சுருதி சேர்த்து..."

(வேண்டாம். எந்தக் குழந்தையும் அப்படி அழாது.)

"தங்கை கல்பனாவும் அவரும் ஒரே குழலை மாற்றி மாற்றி ஊதிப் பழகினார்கள். தங்கைக்கு இடக்கைப் பழக்கம். அதனால்..."

(அதனால் என்ன? இங்கேதான் குழம்பிப்போனேன்.)

கேசட்டைக் கேட்டால் தெரியாதா என்பீர்கள். பதினோரு முறை கேட்டேன். ஊதுவது அண்ணனா தங்கையா என்று மூச்சு சொல்லவில்லை.

3

அவரிடமே கேட்டேன். சிரித்தார்.

"அச்சாபீஸ்ல படத்தைத் திருப்பிப் போட்டுட்டான்பா. இதுக்குப் போயி கதை கட்டிக்கினு இருக்கியே!"

நம்பிவிட்டேன். மறுநாள் அவரே போன் செய்தார். "சித்தூருக்குப் போனியா? கல்பனா ஏதாச்சும் சொல்லிச்சா?"

(மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு ஏன் இந்தப் பதற்றம்? இல்லை, வெறும் பாசம்தானா? ஆளை எடைபோடத் தெரியாதவனெல்லாம் கதை எழுத வந்தால் இப்படித்தான்.)

4

போனேன். பால் பூத்தை மூடிவிட்டு வந்த கல்பனா டீ டம்ளரை இடக்கையால் நீட்டினார்.

"கோச்சிக்காதப்பா, எனக்கு பீச்சாங்கைதான் வரும்."

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அந்த கேசட்ல ஊதினது நீங்களாம்மா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணன் அப்படிச் சொல்லிச்சா?"

5

முடிவு ஒன்று: ஊதியது கல்பனாதான். அது அண்ணன் வாயால் வரட்டும் என்று நாற்பது வருடமாகக் காத்திருக்கிறார்.

முடிவு இரண்டு: அவர் ஊதவே இல்லை. அண்ணன் அப்படிச் சொல்லியிருக்கக்கூடும் என்பதே அவருக்குப் போதும்.

இரண்டையும் எழுதினேன். இரண்டையும் அடித்தேன்.

மலர் நாளை அச்சுக்குப் போகிறது. அதைவிட அவசரம், கல்பனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆமாம் என்றால் பொய். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டீ ஆறிக்கொண்டிருக்கிறது. வாசகரே, நீங்களும் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? இப்போது உங்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

"அண்ணன் சொல்லிச்சா?"