தங்கை பேரில் ஏறிய வண்டி

கார் கம்பெனிக்காரர்களுக்கு ஒரே ஒரு கணக்குதான். எந்த ஷோரூமில் வண்டி சட்டென்று விற்கிறதோ, அங்கேதான் அடுத்த மாதம் கூடுதல் வண்டி. பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஹைபிரிட்டுக்கு ஊரே வரிசையில் நிற்கிறது, வருவதோ மாதத்துக்கு ஐந்து. வாங்குகிறவருக்கு பேங்க் லோன் இரண்டு நாள் இழுத்து, மாதக் கடைசியில் ஒரு வண்டி நின்றுவிட்டால் போச்சு. விற்கத் தெரியாத கடை என்று ஒன்றைக் குறைத்துவிடுவார்கள்.

அதற்கு இந்த ஷோரூம் மேனேஜர் ஒரு வழி வைத்திருந்தார். நிற்கிற வண்டியை வேண்டியவர் யார் பெயரிலாவது விற்றதாகக் கம்பெனிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது, லோன் வந்ததும் நிஜமாக வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுவது. தன் பெயர், மனைவி பெயர், வாட்ச்மேன் பெயர் என்று ஒரு சுற்று வந்தாயிற்று. மூன்று மாதம் முன்பு, ஐந்து மணிக்குள் கணக்கை மூடுகிற அவசரத்தில், டிராயரில் கைக்கு அகப்பட்டது தங்கையின் அடையாள அட்டை நகல். ஏற்றிவிட்டார். அது ஏன் அங்கே இருந்தது? அவளும் ஒரு ஹைபிரிட்டுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தாளே, அதற்காக. ஒரு பெயருக்கு வருஷத்தில் ஒரு வண்டிதான் என்ற கம்பெனி விதி இந்த மனுஷனுக்குத் தெரியாதா என்ன? மூளை வேலை செய்கிற நேரத்தில் தெரியும்.

அண்ணன் பேச்சை நம்பிப் பழைய காரை விற்றுவிட்டு, பதினோரு மாதமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறாள் அவள். இன்று காலை அவள் முறை வந்தது. ‘இவருக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று’ என்று கம்ப்யூட்டர் அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

கம்பெனியிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மேனேஜர் ஷோரூம் ஓனரைக் கேட்டார்.

“வாயைத் திறந்தா மூணு மாசத்துக்கு ஒரு வண்டிகூட வராது. இங்க இருக்கிற பத்து பேரும் உன் தங்கச்சி வீட்டுலயா போய்ச் சாப்பிடறது?”

கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல் சீட்டுக்குத் திரும்பினார்.

மாலை நான்கு மணிக்கு, இன்று தன் முறை என்று தங்கை வந்தாள். வாசலில் நின்ற வெள்ளை வண்டியைச் சுற்றிவந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள்.

“இதுதானாண்ணா என்னுது?”

“இல்லம்மா. உன்னுது மூணு மாசம் முன்னாடியே வந்துருச்சு.”

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், வண்டியின் மைலேஜைச் சொல்கிற அதே குரலில்.

“அப்ப என் பேர்ல வந்தத யாரு ஓட்டிட்டு இருக்கா?”

“ஒரு பல் டாக்டர்.”

“நல்லா ஓடுதாமா?”

“நல்லா ஓடுதாம்.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கும் எங்கேயாவது வலித்திருக்கும். அவள் திட்டவில்லை.

“மாப்பிள்ளை பேர்ல புதுசா பதியலாம். வரிசையில கடைசிதான், ஒரு வருஷம் ஆகும்” என்றார்.

அவள் பையைத் துழாவி, கணவனின் அட்டை நகலை எடுத்து நீட்டினாள். “இந்தத் தடவை பாத்து வைண்ணா” என்றாள். நாலரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது. வெள்ளை வண்டி போய்ச் சேரவேண்டிய ஆள். லோனுக்கு இன்னும் இரண்டு நாள் ஆகுமாம்.

“இன்னிக்கு மாசக் கடைசி, ஞாபகம் இருக்கில்ல?” என்று ஓனர் உள்ளேயிருந்து கேட்டார்.

மேனேஜர் டிராயரைத் திறந்தார். மேலாக மாப்பிள்ளையின் அட்டை நகல் கிடந்தது. மடிப்புகூட இன்னும் நிமிரவில்லை. வேறு பெயர் தேடலாம்தான். மணி பார்த்தார், நகலை நீவி விட்டார், பெயரை அடிக்க ஆரம்பித்தார்.