வரைபட அறையில் ஒரு பாடவேளை

மார்ச் பிறந்தும் ஹார்ட்ஸ் மலையில் பனி விட்டபாடில்லை. அன்னெக்ரேட் வீபுஷுக்குக் காலையிலிருந்தே தலை பாறாங்கல்லாகக் கனத்தது. முதல் பாடவேளை கணக்கு, அடுத்தது புவியியல், அதற்கடுத்தது விடுப்பில் போன சக ஆசிரியருக்காக ஆறாம் வகுப்பைக் கட்டி மேய்த்தது. இடைவேளையில் ரொட்டியைப் பிரித்துக் கடிக்கும்போதே தொலைபேசி அடித்தது. ஒரு தாய். தன் மகனுக்கு ஐந்தாம் வகுப்புச் சிறப்புப் பிரிவில் ஏன் இடமில்லை என்று கேட்டாள். அன்னெக்ரேட் விளக்கினாள். அந்தத் தாய் அழுதாள். மறுபடியும் விளக்கினாள். கடித்தது கடித்தபடி ரொட்டி பைக்குள் திரும்பிப் போனது.

அவளுக்கு அறுபத்தொரு வயது. கிம்னாசியம் எனப்படும் இந்த மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்து முப்பத்து மூன்று வருடம். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடமாக மீத்திறன் பிள்ளைகளுக்கான திட்டம் அவள் தலையில். பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்து, படிப்பு வருகிறவர்களைக் கிம்னாசியத்துக்கும் மற்றவர்களை வேறு பள்ளிகளுக்கும் அனுப்புவது அந்த ஊர் வழக்கம். அப்படிச் சலித்து வந்தவர்களை இன்னொரு முறை சலித்து, மேலே நிற்பவர்களுக்குக் கூடுதலாகத் தீனி போடுவதுதான் அவள் வேலை. தொடங்கியபோது இதற்கென்று வாரத்தில் நான்கு பாடவேளை ஒதுக்கிக் கொடுத்தார்கள். இப்போது ஒன்று. பிள்ளைகள் மட்டும் பதினொன்றிலிருந்து அறுபத்தெட்டாகியிருந்தார்கள்.

ஐந்தாவது பாடவேளை அவளுக்கு ஓய்வு. ஆசிரியர் அறைக்குப் போனால் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் யாராவது பிடித்துக்கொள்வார்கள். தரைத்தளத்தின் கோடியில் வரைபட அறை இருந்தது. சுருட்டி வைத்த பழைய சுவர் வரைபடங்களை யாரும் பிரித்துப் பார்த்து வருடக்கணக்காகிறது. உடற்பயிற்சிக் கூடத்தின் கூரை ஒழுகத் தொடங்கியதிலிருந்து நீல மெத்தைகளையும் அங்கேதான் அடுக்கியிருந்தார்கள். பத்து நிமிடம் முதுகைச் சாய்த்தால் போதும் என்று சாவியைப் போட்டாள். கதவு பூட்டியிருக்கவில்லை.

மெத்தையில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். ரூனா ஹோல்மிக். ஒன்பதாம் வகுப்பு, பதினான்கு வயது, திட்டத்தின் பட்டியலில் முதல் பெயர். காலணிகளை ஜோடியாகக் கழற்றி ஓரமாக வைத்து, குளிர்கோட்டை இழுத்துப் போர்த்தியிருந்தாள். கழுத்தில் பச்சை அட்டை தொங்கியது. பாடம் முன்கூட்டியே தெரிந்த பிள்ளைகள் அந்த அட்டையைக் காட்டிவிட்டு வகுப்பிலிருந்து வெளியேறி, தங்கள் சொந்த ஆய்வைச் செய்துவிட்டுத் திரும்பலாம். சுழல்கதவு என்று அதற்குப் பெயர். மலையிலுள்ள நீர்த்தேக்கத்தில் ஏன் வருடா வருடம் மட்டம் இறங்குகிறது என்று ரூனா நவம்பரிலிருந்து ஆராய்கிறாள். அப்படித்தான் அன்னெக்ரேட் நம்பிக்கொண்டிருந்தாள்.

எழுப்பத்தான் போனாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை. கண்ணுக்குக் கீழே மை பூசினாற்போல் கருவளையம். இரண்டு நிமிடம் போகட்டும் என்று மூலையிலிருந்த மர நாற்காலியில் உட்கார்ந்தாள். வெந்நீர்க் குழாய் சுவருக்குள் மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் அவளுக்கு நினைவு.

"ஃப்ராவ் வீபுஷ்! ஃப்ராவ் வீபுஷ், எந்திரிங்க!"

ரூனா தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன... மணி என்ன?"

"ஆறாவது பீரியடும் முடிஞ்சுபோச்சு. நான் இப்பதான் முழிச்சேன். நீங்க எப்ப வந்தீங்க?"

ஆறாவது பாடவேளை ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு. நாற்பத்தைந்து நிமிடம் இருபத்தெட்டுப் பிள்ளைகள் கேட்பாரற்று இருந்திருக்கிறார்கள். அன்னெக்ரேட் ஓடினாள். அதற்குள் கரும்பலகை துடைக்கும் ஈரப் பஞ்சு விளக்கில் ஏறியிருந்தது. ஒருவன் மாடி ஜன்னலைத் திறந்து காலை வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்ததை எதிர்க் கட்டிடத்திலிருந்து பார்த்துவிட்டுத் தலைமையாசிரியை ஹென்ரிக்கே ஔலிஷ் வந்து இறக்கியிருந்தாள். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை.

"எங்க போய்த் தொலைஞ்ச, அன்னெக்ரேட்? பள்ளிக்கூடம் பூரா தேடிட்டேன்." ஹென்ரிக்கே பதினேழு வயது இளையவள், முன்பு இதே பள்ளியில் அவளுக்குக் கீழே பயிற்சி ஆசிரியையாக இருந்தவள்.

"தலை சுத்திச்சு. கொஞ்சம் உக்காந்தேன். கண்ணு அசந்துட்டேன்."

"அந்தப் பையன் விழுந்திருந்தா? ரெண்டு பேரும் நாளைக்கு பேப்பர்ல வந்திருப்போம். முடியலைன்னா டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வீட்ல இரு. அடுத்த மாசம் பரிசோதனைக் குழு வருது, ஞாபகம் இருக்கில்ல? சான்றிதழ் புதுப்பிக்கலைன்னா திட்டத்தையே இழுத்து மூடணும்."

ரூனாவைப் பற்றி அன்னெக்ரேட் மூச்சுவிடவில்லை. எதற்காக மறைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரே அறையில் தூங்கியவர்களில் ஒருத்தியை மட்டும் காட்டிக்கொடுப்பது எப்படி?

மறுநாள் ரூனாவை அழைத்தாள்.

"ஆய்வு எவ்வளவு தூரம் வந்திருக்கு?"

"தலைப்பு எழுதியிருக்கேன்."

"நாலு மாசமா தலைப்பா?"

"நவம்பர்ல ரெண்டு நாள் நூலகத்துக்குப் போனேன். அப்புறம் அந்த மெத்தை எல்லாம் வந்துச்சு." ரூனா வெட்கப்படவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கணக்கின் விடையைச் சொல்வதுபோலச் சொன்னாள். "திங்கள் கோட்டிங்கன்ல கணக்கு வட்டம். செவ்வாய் வயலின். புதன் பல்கலைக்கழக வகுப்பு. வியாழன் ஜப்பானிய மொழி. சனிக்கிழமை ஆய்வுக்கூடம். வீட்டுப்பாடம் முடிக்க ராத்திரி பன்னெண்டு ஆகுது. காலையில அஞ்சரைக்கு எந்திரிக்கணும்."

"இவ்வளவையும் யார் உன்னை எடுத்துக்கச் சொன்னது?"

ரூனா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானே பரிந்துரைச்சீங்க, ஃப்ராவ் வீபுஷ்."

அவள் போனபின் அன்னெக்ரேட் அலமாரியைத் திறந்து ஃபைலை எடுத்தாள். ஐந்து விண்ணப்பங்கள். ஐந்திலும் 'முழுமனதுடன் பரிந்துரைக்கிறேன்' என்ற அதே வாசகம், கீழே அவளுடைய கையெழுத்து. ஒன்று படிக்கட்டில் நின்றபடி போட்டது. கோணல் மாணலாக இருந்தது. வெவ்வேறு மாதம், வெவ்வேறு நாள். ஒவ்வொன்றும் நல்ல வாய்ப்பு; ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் தகுதியானவள். ஐந்தையும் ஒரே மேசையில் பரப்பி அவள் பார்த்ததே இல்லை. வாரத்துக்கு எத்தனை நாள் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். கணக்கு ஆசிரியைக்குத் தெரியவில்லை.

தகப்பனை வரச்சொல்லி எழுதினாள். வெள்ளி மாலை நாலரைக்கு இங்கோ ஹோல்மிக் வந்தார். சாலைப் பராமரிப்புத் துறையில் வேலை. பனிக்காலத்தில் விடிவதற்குள் மலைச்சாலைகளில் உப்புத் தூவ வேண்டும். ஆரஞ்சு நிற வேலைச் சட்டையோடேயே வந்திருந்தார். காலணியிலிருந்து கரைந்த பனி தரையில் சொட்டியது. பக்கத்தில் ரூனா.

அன்னெக்ரேட் எல்லாவற்றையும் சொன்னாள். தான் தூங்கியதையும் சேர்த்துத்தான்.

இங்கோவின் முகம் சிவந்தது. "அவ மெத்தையில தூங்குறதுக்கா நான் வாரம் நாலு நாள் வண்டி ஓட்டுறேன்?"

"தப்பு என் பேர்லதான், ஹெர் ஹோல்மிக். நான் எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டேன்."

"அதெல்லாம் விடுங்க. இப்ப எதை நிறுத்தணும்னு சொல்றீங்க?"

"மூணையாவது."

"முடியாது." அவர் மேசையில் உள்ளங்கையை ஊன்றினார். "எனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒரு வாத்தியார் எங்க அம்மாவைக் கூப்பிட்டு, 'இவனுக்குப் படிப்பெல்லாம் எதுக்கு, கை வேலைக்குப் போகட்டும்'னாரு. அஞ்சு நிமிஷம்கூட ஆகல. அந்த அஞ்சு நிமிஷத்துக்கு முப்பத்தாறு வருஷமா உப்புத் தூவிட்டு இருக்கேன். இப்ப நீங்க என் பொண்ணைப் பார்த்து 'போதும்'ங்கறீங்க. டாக்டர் வீட்டுப் பிள்ளையா இருந்தா சொல்லுவீங்களா?"

அன்னெக்ரேட் அப்படிச் சொல்லியிருப்பாளா? தெரியவில்லை. அந்த வீடுகளில் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆள் இருக்கிறது.

"அவ கார்ல தூங்கிக்கலாமே," என்றார் இங்கோ, சற்றுத் தணிந்து. "ஒரு மணி நேரம் போறோம், ஒரு மணி நேரம் வர்றோம். சீட்டைச் சாய்ச்சுப் போட்டுத் தூங்குன்னுதான் சொல்றேன். கேட்கமாட்டா. வழி பூராவும் தொண தொணன்னு பேச்சு."

"அப்பா," என்றாள் ரூனா.

"என்ன?"

"நான் பேசலைன்னா நீங்க தூங்கிடுவீங்க."

கீழே வளாகத்தில் யாரோ சைக்கிளைப் பூட்டும் சத்தம் கேட்டது.

"ஜனவரியில ஓஸ்டரோடே வளைவுல கண்ணு மூடிட்டீங்க. வண்டி ஓரச் சரளையில ஏறிடுச்சு. நான் கத்தினேன். மான் குறுக்க வந்துச்சுன்னு அம்மாகிட்ட சொன்னீங்க." அவள் குரல் உயரவில்லை. "மான் எதுவும் வரல. அதுக்கப்புறம் நான் கார்ல தூங்குறதில்ல. ஜப்பானிய எழுத்தெல்லாம் சொல்லிக் காட்டுறேன், கணக்கு சொல்றேன், ஸ்கூல்ல நடந்ததைச் சொல்றேன். சில சமயம் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. அப்ப கதை கட்டிச் சொல்லுவேன்."

இங்கோ மகளைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு அரித்து வெடித்த கைகள். "அந்த லாரி டிரைவர் கதையும் கட்டினதா?" என்று கேட்டார்.

"ஆமா."

"நல்லா இருந்துச்சு," என்றார். பிறகு முகத்தை இரு கைகளாலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டார். அவர் தோள்கள் ஒருமுறை குலுங்கியதை அன்னெக்ரேட் பார்த்தாள். பார்க்காததுபோல ஃபைலைப் புரட்டினாள்.

ஒரு காகிதத்தில் ஐந்தையும் எழுதி ரூனாவிடம் நீட்டினாள். எதை வைத்துக்கொள்வது என்று அவளே சொல்லட்டும். ரூனா ஜப்பானிய மொழியை அடித்தாள், ஆய்வுக்கூடத்தை அடித்தாள், கணக்கு வட்டத்தை அடித்தாள். சற்று யோசித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தையும் அடித்தாள்.

"பல்கலைக்கழகத்தையுமா?" என்று இங்கோ பதறினார்.

"அது எங்கயும் ஓடிப்போகாதுப்பா. நாலு வருஷத்துல எப்படியும் அங்கதான் போகப்போறேன்."

வயலின் மட்டும் மிஞ்சியது. வயலின் ஆசிரியை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். நடந்தே போகலாம்.

விஷயம் ஹென்ரிக்கேயின் காதுக்குப் போனபோது, அவள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"பரிசோதனைக் குழு முன்னாடி முக்கியமா பேசப்போறதே அந்தப் பொண்ணுதான். அழைப்பிதழ்ல பேர் அச்சடிச்சாச்சு. போன வருஷத்து வேலை எதையாவது படிக்கச் சொல்லு."

"அவ படிக்கமாட்டா. நானும் சொல்லமாட்டேன்."

"வீராப்புக்கெல்லாம் இது நேரமில்ல, அன்னெக்ரேட்."

"வீராப்பு இல்ல, ஹென்ரிக்கே. அதுக்கெல்லாம் தெம்பு ஏது?"

ஏப்ரல் கடைசியில் பரிசோதனைக் குழுவினர் மூன்று பேர் வந்தார்கள். மாணவன் ஒருவன் தேனீக்களைப் பற்றிப் பேசினான், இரண்டு மாணவிகள் தாங்கள் கட்டிய மழைமானியைக் காட்டினார்கள். ரூனாவின் பெயர் வந்ததும் அன்னெக்ரேட் எழுந்து, ஆய்வு நடக்கவில்லை, அந்த மாணவி களைத்துப்போயிருந்தாள், மூன்று வருடம் பார்த்தும் நான் கவனிக்கவில்லை என்றாள். குழுவில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டார். முன்வரிசையில் ஹென்ரிக்கே தலையைக் குனிந்துகொண்டாள்.

சான்றிதழ் முழுதாகக் கிடைக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மட்டும் நீட்டி, குறைகளைச் சரிசெய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. இரண்டு வாரம் ஹென்ரிக்கே அவளிடம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அன்னெக்ரேட் பொறுப்பை விட்டு விலகுவதாக எழுதிக்கொடுத்தாள். ஆசிரியர் கூட்டத்தில் யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டபோது எல்லாரும் காபிக் கோப்பைக்குள் பார்வையைப் புதைத்துக்கொண்டார்கள். கடைசியில் அந்தக் கடிதம் அவள் மேசைக்கே திரும்பி வந்தது, ஹென்ரிக்கேயின் கையெழுத்தில் ஒரு வரியோடு: 'இன்னும் ஒரே ஒரு வருடம். தயவுசெய்து.'

அவள் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் தெம்பு வேண்டுமே. கோடை விடுமுறைக்கு முந்தைய வாரம், புதிய ஐந்தாம் வகுப்பில் இடம் கிடைத்த பிள்ளைகளின் வீடுகளுக்கு வழக்கம்போலத் தொலைபேசியில் பேச உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே ரூனா இன்னும் இரண்டு பெண்களோடு சுவரில் சாய்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டு எதற்கோ சிரித்தாள். அவளுடைய மதிப்பெண் இரண்டு பாடங்களில் இறங்கியிருந்தது. இங்கோ அதன்பிறகு பள்ளிப் பக்கம் வரவில்லை. ஒருமுறை அங்காடியில் எதிர்ப்பட்டபோது தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். கோபமா, வெட்கமா என்று தெரியவில்லை.

முதல் எண்ணைச் சுழற்றினாள். ஒரு தாயின் குரல், மூச்சுவாங்க: "சொல்லுங்க, ஃப்ராவ் வீபுஷ்! அவன் இப்ப சதுரங்க வகுப்புல இருக்கான். அடுத்து நீச்சல். என்ன விஷயம்?"

"பையன் ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவான்?"

"ஏன்? அதுவும் பரீட்சையில உண்டா?"

"இல்லைங்க. சும்மாதான் கேட்டேன்."

"ஒன்பது மணிக்கு," என்றாள் அந்தத் தாய். பிறகு, "சில நாள் பத்தரை," என்றாள்.

அன்னெக்ரேட் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டாள். பட்டியலில் இன்னும் இருபத்து மூன்று பெயர்கள் இருந்தன.