படத்தில் வந்த அக்கா

தம்பி எடுத்த முதல் படம் பக்கத்து ஊர்த் தியேட்டரில் வெளியான அன்று, அக்கா பால் நிலையத்தை அரை மணி நேரம் முன்னதாகவே மூடினாள். பதினாறு வருடமாக அந்தக் கிராமத்து மாடுகளின் பாலை அளந்து, கொழுப்புச் சத்துப் பார்த்து, கேன்களில் ஊற்றி லாரியில் ஏற்றிவிடுபவள் அவள். ஒரு நாளும் அப்படி மூடியதில்லை. "மதியக் காட்சிக்கு வந்துடுங்க, எங்க வீட்டுலயே எடுத்த படம்" என்று பால் ஊற்ற வந்தவர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் சொல்லியிருந்தாள்.

படப்பிடிப்பு நடந்த இருபது நாளும் அவளும் கணவனும் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் முடங்கிக்கொண்டு, வீட்டை முழுதாக விட்டுக் கொடுத்திருந்தார்கள். அக்காவாக நடித்தவள் கட்டியது இவள் புடவைகளைத்தான். கேனை இடுப்பில் சாய்த்துத் தூக்குவது எப்படி என்றுகூட இவளே சொல்லிக் கொடுத்தாள். கதை என்னடா என்று கேட்டால், "நம்ம வீட்டுக் கதைதான்க்கா" என்று சிரிப்பான். அப்பா சாகிற காட்சியை மட்டும் நகரத்தில் செட் போட்டு எடுத்தான். பெரிய விளக்கெல்லாம் இங்கே தாங்காது என்றான். நம்பினாள்.

இடைவேளை வரை தியேட்டரில் ஒரே சிரிப்பு. தன் கொட்டகை, தன் கிணறு, தன் அடுப்படி எல்லாம் அத்தனை பெரிதாகத் தெரிவதைப் பார்த்து அவள் பூரித்துப் போனாள். "நம்ம செவலை மாட்டுக்கே இவ்வளவு மவுசுன்னா, இனி கறக்க விடுமா?" என்றான் கணவன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. கட்டிலில் அப்பா கிடக்கிறார். "சின்னவன் வந்துட்டானா?" என்று கேட்கிறார். "கிளம்பிட்டான்ப்பா, வந்துட்டே இருக்கான்" என்கிறாள் அக்கா. சொல்லிக்கொண்டே அவர் கட்டைவிரலில் மையைத் தடவி, நிலப் பத்திரத்தில் அழுத்துகிறாள்.



அந்த வார்த்தைகள் அவளுடையவை; மையும் பத்திரமும் மட்டும் அவன் சேர்த்தது. ஏழு வருடத்துக்கு முன், அப்பாவின் கடைசி மூன்று நாளும் அவள் சொன்ன பொய் அது. தம்பிக்கு அப்போது சினிமாக் கல்லூரியில் நுழைவுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. முந்தைய வருடம் தவறவிட்டவன், இதையும் விட்டால் அவன் வாழ்க்கையே போய்விடும் என்று தகவல் சொல்லாமல் இருந்தாள். அப்பா வாசலைப் பார்த்தபடியே போய்விட்டார். அவள் யாரிடமும் சொல்லாத இதை, கதை எழுத வந்து பத்து நாள் தங்கியிருந்த தம்பியிடம் மட்டும் ஒரு நாள் சொன்னாள். அவன் அவள் மடியில் தலை வைத்து விம்மி விம்மி அழுதான்.

காட்சி முடிந்ததும், முன் வரிசையில் இருந்த தையல்காரம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். அவ்வளவுதான். இவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பால் நிலையத்தில் அவள் அளக்கும்போது எல்லாரும் குவளையின் அளவைக் கோட்டைக் குனிந்து பார்த்தார்கள். பதினாறு வருடமாகப் பார்க்காத கோடு.

ஒரு வாரம் கழித்துத் தம்பி காரில் வந்து இறங்கினான். நிஜ அக்காவைப் பேட்டி எடுக்க டிவிக்காரர்கள் வரப்போகிறார்களாம்.

"நான் சொன்ன பொய்ய எடுத்துக்கிட்ட, சரி. அத எதுக்குச் சொன்னேங்கறத எங்கடா வெச்ச?"

"அது நீ இல்லக்கா, ஒரு பாத்திரம். நல்ல அக்கான்னா கிளைமாக்ஸ் நிக்கல."

"அது நிக்கறதுக்கு என்னைக் கீழ தள்ளுனியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெல்லச் சொன்னான்: "எனக்குக் கோவம் இருந்துச்சுக்கா. அப்பா மொகத்த நான் பாக்கல. நான் பாக்கணுமா வேணாமான்னு நீயே முடிவு பண்ணிட்ட."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் இன்னும் வலித்தது.

"அன்னைக்கு மடியில படுத்து அழுதியே, அது?"

"அதுவும் நிஜந்தான்க்கா."

"கோவம்னா என் மொகத்துக்கு நேரா திட்டியிருக்கலாமேடா. ஊரக் கூட்டி உக்கார வெச்சுத் திட்டணுமா?"

அவன் வாசலில் நின்ற காரைப் பார்த்தான்.

"நாளைக்குக் காலையில பால் ஊத்த எல்லாரும் வருவாங்க. பக்கத்துல வந்து நில்லு. எங்கக்கா நிலத்த எழுதி வாங்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

"படம் ஓடிட்டிருக்குக்கா. இப்பப் போய் அது பொய்யின்னு சொன்னா..."

"அப்ப கெளம்பு."

காபியைக்கூடத் தொடாமல் போனான். மறுநாள் காலை, வரிசை நின்றிருக்கும்போது, அளவைக் குவளையைக் கீழே வைத்துவிட்டு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். நுழைவுத் தேர்வு, மூன்று நாள், பொய், எல்லாம். சொல்லும்போது குரல் தடுமாறவில்லை. சிலர் நம்பினார்கள். "அப்படியாம்மா" என்று இழுத்தவர்களும் உண்டு. அவள் சொன்னதைக் கேட்டவர்கள் நாற்பது பேர். படத்தைப் பார்த்தவர்களுக்குக் கணக்கில்லை.

தம்பி இப்போதும் ஞாயிறுதோறும் போன் செய்கிறான். அவள் எடுக்காமல் இருப்பதில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், நன்றாக இருக்கிறது என்பாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவள் வாயிலிருந்து அவனுக்குக் கிடைப்பதில்லை.