பாலில் மூன்று கரண்டி தேன்

சர்க்கரை பார்க்கும் கருவியில் எண்ணே வரவில்லை. டாக்டர் சாய்ரா இன்னொரு விரலில் குத்திப் பார்த்தார். அப்போதும் வரவில்லை.

"கருவி காட்டுற அளவையே தாண்டிருச்சும்மா. எத்தனை வருஷமா சர்க்கரை?"

"யாருக்கு?" என்றேன். என் புருஷன் சோவெத்பெக் ஆக்சிஜன் முகமூடிக்குள் முனகிக்கொண்டு கிடந்தார். "அவருக்கு நெஞ்சு நோய்தான் டாக்டர். முப்பது வருஷம் நிலக்கரி வெட்டினவரு. பனி விழுந்தா மூச்சு இழுக்கும். சர்க்கரையெல்லாம் கிடையவே கிடையாது."

அதற்கு நாலு நாளைக்கு முன்பு சளி பச்சையாக வந்தது. ஊர் மருத்துவ நிலையத்தில் கிருமிக்கு ஒரு மாத்திரை, மூச்சுக்குழாய் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வேறு வியாதி உண்டா என்று கேட்டதற்கு இவர் இல்லை என்றார். நானும் பக்கத்தில் நின்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

அப்புறம் வைத்தியம் என் கைக்கு வந்தது. சுடுபாலில் செம்மறி வால்கொழுப்பை உருக்கி, மூன்று கரண்டி தேன். எங்கள் நாரின் மலைப்பக்கம் நெஞ்சுக்கு இதைவிட மருந்து ஏது? வேளைக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். நலம் விசாரிக்க வந்தவர்களும் ஜாடி ஜாடியாகத் தேனும் பழப்பாகும் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர் கண்முன்னே ஒரு வாயாவது சாப்பிடவேண்டும், அதுதான் மரியாதை. இவரும் சாப்பிட்டார். தேநீரைக் குடம் குடமாகக் குடித்துவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே ஓடினார்.

"ஏன்டி, முற்றத்துப் பனியையெல்லாம் என் தம்பியே கரைச்சிருவான் போலிருக்கே!" என்று நாத்தனார் கலிபா சிரித்தார். நானும் சிரித்தேன், பாவி.

அன்று காலை எழுப்பினால் எழவில்லை. "தூங்கட்டும் விடு, தூங்கினாதான் நோய் இறங்கும்" என்றார் நாத்தனார். மதியம் உதடு நீலம் பாய்ந்ததும் வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன்.

"நெஞ்சுல கிருமி. வீக்கத்துக்குக் குடுத்த மாத்திரை சர்க்கரையை ஏத்தும். சர்க்கரை ஏறினா கிருமிக்குக் கொண்டாட்டம்" என்றார் டாக்டர். "வீட்டுல என்ன குடுத்தீங்க?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். என் கையாலேயே, வேளை தவறாமல் கொடுத்திருக்கிறேன்.

பிழைப்பாரா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் கண் விழித்தார். சர்க்கரை இறங்கியிருந்தது, சளியும் வெளுத்திருந்தது.

"உங்களுக்குச் சர்க்கரையாம். தெரியுமா?"

"தெரியும். இலையுதிர் காலத்துலயே சொன்னாங்க."

தலையில் இடி விழுந்தது. "தெரிஞ்சுமா தின்னீங்க?"

"தேடி வந்தவங்க நீட்டுறதை எப்படி வேண்டாம்னு சொல்றது?"

"அவங்க விருந்தாளி. நான் யாருங்க?"

"நீ கலக்குறப்போ உன் முகத்துல அவ்வளவு நம்பிக்கை இருந்துச்சு. எப்படிச் சொல்லுவேன்?"

கையை ஓங்கிவிட்டேன். அவர் கையில் குழாய் வழியே மருந்து ஏறிக்கொண்டிருந்ததால் அடிக்கவில்லை.