விழுந்ததைக் கண்டவர் யார்?

பெண் பார்க்க வந்தவர்களின் முன்னால், தேநீர்த் தட்டோடு றிஷானா விழுந்து வெட்டி இழுத்தபோது, கிண்ணியாவில் அந்த வீட்டார் ஒருவரும் சும்மா இருக்கவில்லை. சாச்சி சாவிக்கொத்தை எடுத்துவந்து அவள் கையில் திணித்தாள். மாமி குசினிக்கு ஓடிக் கத்தியோடு வந்தாள். அவை போதாதென்று ஜெமீல் மாமா முற்றத்தில் கிடந்த தோணி நங்கூரத்தையே தூக்கி வந்தார். இரும்பு பட்டால் வலிப்பு ஓடிவிடும் என்பது அந்தக் குடும்பத்தின் மருத்துவப் படிப்பு. கண் விழித்த றிஷானா மடியில் நங்கூரத்தைக் கண்டு, தன்னை எந்தக் கடலில் இறக்கப் போகிறார்களோ என்று திகைத்தாள்.

அவள் மட்டும் பிடித்த நேர்ச்சை நோன்பின் மயக்கம் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்னாள் அவளுடைய உம்மா உம்மு குல்சும். போன வருசம் கிணற்றடியில் விழுந்ததும் அவள் கணக்கில் வெறும் வழுக்கல்தான். துறைமுகத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை நஸ்ரியை றிஷானாவுக்குப் பிடித்திருந்தது. அதனால் அவளும் அந்தப் பொய்க்குத் தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் நரம்பு டொக்டர் கேட்டது ஒன்றுதான்: விழும்போது பார்த்தது யார்? எந்தக் கை முதலில் இழுத்தது, முகம் எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரிந்தால்தான் வலிப்பின் வகையும் அதற்கு விழுங்க வேண்டிய குளிசையும் பிடிபடும் என்றார். கூட வந்தவர்கள் எல்லாரும் இரும்பு தேடப் போயிருந்தார்களே.

நஸ்ரி மட்டும் பக்கத்தை விட்டு நகரவில்லை என்று சாச்சி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். உம்மா அவளைக் கிள்ளினாள். கலியாணம் முடிந்த பிறகு மருந்து தொடங்கினால் காணாதா என்று டொக்டரிடமே பேரம் பேசினாள். வலிப்பு அதுவரைக்கும் காத்திருக்காது என்றார் அவர்.

றிஷானா போனை எடுத்து, நஸ்ரியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

முதலில் வலது கைவிரல்கள் துடித்ததையும், முகம் வலப்பக்கம் திரும்பியதையும், பிறகுதான் விழுந்ததையும் அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். மூளையின் இடப்பக்கத்தில் தொடங்குகிறது போலிருக்கிறது, ஸ்கான் எடுத்துப் பார்ப்போம், குளிசையை ஒழுங்காகப் போட்டால் பெரும்பாலானவர்களுக்குக் கட்டுப்படும் என்றார் டொக்டர்.

"மயக்கம் எண்டுதானே சொன்னவை?" என்று கேட்டான் நஸ்ரி.

போனை வைக்கும்படி உம்மா கைகாட்டினாள்.

"இல்லை, வலிப்பு. இது ரெண்டாவது தரம்," என்றாள் றிஷானா. "வேண்டாமெண்டா இப்பவே சொல்லுங்கோ."

துறைமுகப் பாரந்தூக்கியின் இரைச்சலுக்கு மேலே நஸ்ரி குரலை உயர்த்தினான்.

"திரும்ப வந்தா நான் என்ன செய்யோணும், டொக்டர்?"

ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்றார் டொக்டர். அவர் சொல்லி முடிக்குமுன் உம்மு குல்சும் போனைப் பறித்தாள்.

"மகன், நான் அண்டைக்கே சொன்னனான்தானே, இது வலிப்பெண்டு."