கவிழ்த்து வைத்த டம்ளர்

ஜீப் வந்து நின்ற சத்தத்தில் வாசலில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின. உலகநாதன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டு எழுந்தார். போலீஸ் வரும் என்று தெரியும்.

மறுவீட்டு விருந்து முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மகள் வெண்ணிலாவைத் திருவாண்டார்கோயிலில் கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளை வீட்டாரை மடுகரைக்கு அழைத்து, ஆடு அறுத்துப் போட்ட விருந்து. மாப்பிள்ளை கலைவேந்தனின் அண்ணன் அரிகரன் ஒரு ரவுண்டோடு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

"வண்டி ஓட்டணும் மாமா. போதும்."

சம்பந்தி வீட்டு ஆள் டம்ளரைக் கவிழ்த்தால் பெண் வீட்டுக்காரனுக்குத்தான் அவமானம். உலகநாதன் அதை நிமிர்த்தி வைத்தார். "இன்னா மாப்ள, எங்க வூட்டு சரக்கு எறங்காதா? மடுகரைக்கு வந்து மோர் குடிச்சிட்டுப் போனாருன்னு ஊரே சிரிக்கும்பா" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். பந்தலே சிரித்தது. அரிகரனும் சிரித்தபடி குடித்தான். அதற்குப் பிறகும் குடித்தான். பொழுது சாய்வதற்குள், கரும்பு ஏற்றி நின்ற டிராக்டரின் பின்னால் போய் மோதி, அங்கேயே செத்துப்போனான்.

சாவு வீட்டில் அவன் மனைவி அர்ச்சனா இவரைத் திட்டவில்லை. ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து உலகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. விஜயகுமாரிதான் புருஷனுக்கு ஓதிக்கொண்டே இருந்தாள். "அவுரே கேட்டு ஊத்திக்கினாருன்னு சொல்லிடுங்க. செத்தவரு வந்து இல்லன்னா சொல்லப்போறாரு?"

சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "வூட்டுக்குள்ள ஊத்துனா யாரும் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சீங்களா பெரியவரே? கேஸ் நிக்குமா நிக்காதான்னு கோர்ட்டு பாத்துக்கும். வேணாம்னு சொன்னவருக்கு யாரு ஊத்துனது?"

"அவுரேதான் கேட்டாரு சார். அவுரேதான் ஊத்திக்கினாரு."

சொன்ன குரல் தன்னுடையது மாதிரியே அவருக்குத் தெரியவில்லை.

"அப்படியா? கவுத்து வெச்ச டம்ளர நீங்க நிமித்தி ஊத்துனத ஒருத்தங்க கண்ணால பாத்திருக்காங்களே. ஸ்டேஷனுக்கு வந்து சொல்லிட்டாங்க."

யார்? கூடப் பிறந்த தம்பியா? சமையலுக்கு வந்த ஆளா? கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிய தகராறை மனதில் வைத்திருக்கும் பங்காளியா? ஒவ்வொரு முகமாக அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஜீப்புக்குப் பின்னால் ஒரு பைக் வந்து நின்றது. கலைவேந்தன் இறங்கவில்லை. தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட மங்காத வெண்ணிலா மட்டும் இறங்கி வந்தாள்.

விஜயகுமாரி ஓடிப்போய் மகள் கையைப் பிடித்தாள். "பாரும்மா உங்கப்பா நெலமைய. எவனோ நம்ம வூட்டு சோத்தத் தின்னுட்டுக் காட்டிக் குடுத்துட்டான்."

வெண்ணிலா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். அம்மாவையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. பந்தக்கால் பிடுங்கிய குழிகள் வாசலில் மூடாமல் கிடந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எவனும் இல்லம்மா, நாந்தான் சொன்னேன். அந்த வூட்ல நான் இருக்கணும் இல்ல?"