பள்ளத்து லைன் ஏற்றம்

நூர்முகம்மது பின்பக்கத்து இடது சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றிவிட்டபோது, வலது சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது. பேட்டையில் அவருடைய பட்டறைக்குப் பின்னால், வேப்பமரத்து நிழலில், ஜீப் மரக்கட்டைகளின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. அப்பாத்துரை எதிரே ஒரு பழைய டயரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ வருடமாக மாஞ்சோலை மலைக்கு அந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறான். அதன் வயிற்றுக்குள் இப்படி ஒன்று இருப்பதை இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறான்.

"பார்த்தீரா வே? இந்த டிபரன்சியல் இருக்கே, எந்த வீலு லேசா சுத்துதோ அதுக்குத்தான் இழுவையைக் குடுக்கும். ஒரு வீலு சகதியில வழுக்கிட்டுன்னா மொத்த இழுவையும் அதுக்கே போயிரும். கெட்டித் தரையில நிக்குத வீலு சும்மாவே நிக்கும்."

"சும்மாத்தான் நின்னுச்சு பாய்," என்றான் அப்பாத்துரை. "நான் எட்டிப் பார்த்தேன்."

எங்கே, எப்போது என்று நூர்முகம்மது கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஜீப் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

போன ஐப்பசியில், விடாத மழையில், எஸ்டேட் கடைக்கு மளிகை ஏற்றிப் போயிருந்தான். மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது தேயிலைக் காட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கொழுந்து பறிக்கிற இடத்தில் கதண்டுக் குளவிக் கூடு கலைந்து, எஸ்டேட்டில் வேலை செய்கிற மாடக்கண்ணுவின் மனைவி பாலம்மாளை அத்தனை கதண்டும் மொய்த்துக் கொட்டிவிட்டது. அவளைப் பள்ளத்து லைனில், தாழ்வில் வரிசையாக இருந்த தொழிலாளர் வீடுகளில் ஒன்றான அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கிடத்தியிருந்தார்கள். கம்பவுண்டர் ஊசி போட்டுவிட்டு, உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அப்பாத்துரை வண்டியை நேராகப் பள்ளத்துக்குள் இறக்கினான். இறங்குவதற்கு ஒரு தடையும் இல்லை. அவளைப் பின்னால் படுக்கவைத்து, மாடக்கண்ணுவும் ஏறிக்கொண்டபின், மெயின் ரோட்டுக்கு ஏறும் அந்த மண் ஏற்றத்தில்தான் வண்டி நின்றுபோயிற்று. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இடப்பக்கத்துச் சக்கரங்கள் மட்டும் சேற்றுத் தடத்துக்குள் விழுந்து சுற்றின. கல் போட்டார்கள், சாக்கு போட்டார்கள், செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். லைனில் இருந்த ஆண்கள் எல்லோரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். பாறைப் பக்கம் இருந்த வலது சக்கரங்கள் அசையவில்லை. சக்கரம் சுற்றிக் கத்துகிற சத்தத்தில் பின்னால் அவள் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்காமல் போனது. ஆக்ஸிலேட்டரில் காலைத் தளர்த்தினால் அது கேட்கும். கேட்கக் கூடாது என்றே மறுபடியும் மிதித்தான். கடைசியில் மாடக்கண்ணு பின்னாலிருந்து சொன்னான்: "போதும் அண்ணாச்சி. ஆஃப் பண்ணிருங்க."

அடக்கம் முடிந்தபின் மாடக்கண்ணுவே அப்பாத்துரையின் கையைப் பிடித்துக்கொண்டான். "இந்த மழைக்கு எந்த வண்டி ஏறும்? உங்களை என்ன சொல்ல?" ஊரில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அப்பாத்துரை சாப்பிட்டான், தூங்கினான், மறுபடி வண்டி எடுத்தான். ஆனால் சக்கரத்தின் சத்தம் மட்டும் அவனோடு அம்பாசமுத்திரத்துக்கு இறங்கி வந்துவிட்டது. வீட்டில் அவன் மனைவி லில்லி கிரைண்டரைப் போட்டால் சட்டையைக்கூட மாட்டாமல் தெருவுக்குப் போய்விடுவான். மாவு மில்லைத் தாண்டும்போது வேகமாக நடப்பான். அந்தச் சத்தத்துக்கு அடியில் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றும். நின்று கேட்டால் தெளிவாகக் கேட்டுவிடுமோ என்று பயம். லில்லி அவன் இல்லாத நேரமாகப் பார்த்து மாவாட்டப் பழகிக்கொண்டாள்.

வண்டியை மாற்றிக் கட்டப் போகிறேன் என்று அவன் சொன்னபோது அவள் இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"பேசாம வித்துருங்க. வேற பார்த்துக்கிடலாம்."

"இன்னொரு ஆளுக்கு அப்படி ஆயிரக் கூடாதுல்லா?"

"அதுக்குத்தானா?" என்று அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாத்தையும் மாத்திட்டு நீங்க அந்த ஏத்தத்துக்குத்தான் போவீங்க. எனக்குத் தெரியும். ஏறலைன்னா உங்க மனசு ஆறிரும். ஏறிட்டுன்னா?"

அவன் மறுநாள் வண்டியைப் பேட்டைக்கு ஓட்டி வந்துவிட்டான்.

நூர்முகம்மது எங்கோ ராணுவ ஏலத்தில் எடுத்து வைத்திருந்த ஆக்ஸில்கள் இரண்டு கிடந்தன. பழையதைவிடத் தடிமன், கொஞ்சம் அகலமும் கூட. உள்ளே கிரவுன், பினியன் என்கிற பற்சக்கரங்களுக்கெல்லாம் பல் கணக்கு வேறு. வேகம் குறையும், இழுவை கூடும். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு பக்கம் வழுக்கினால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிணைத்துவிடுகிற பூட்டு ஒன்று இருந்தது. ஸ்பிரிங் உட்காரும் பட்டைகளை வெட்டி மாற்றிப் பற்றவைத்தார்கள். ஷாஃப்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்து நீளம் குறைத்தார்கள். கட்டை விரல் கனத்துக்குப் புடைத்த பட்டன் டயர்கள் மட்கார்டில் இடித்ததால் தகரத்தை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. வேலை நடந்த நாளெல்லாம் அப்பாத்துரை அந்தப் பழைய டயரைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம். கடைசியில் நூர்முகம்மது இடது சக்கரத்தைச் சுற்றினார். வலதும் அதே பக்கமாகச் சுற்றியது.

"இப்ப ரெண்டும் ஒண்ணாப் போகுது பாரும். வளைவுல முரண்டு பண்ணும். பைய திருப்பும், என்ன?"

அப்பாத்துரை உள்ளங்கையை டயரில் வைத்து அது நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான்.

மழைக்காகக் காத்திருந்து, நன்றாகப் பெய்கிற ஒரு நாளில் மலை ஏறினான். மாஞ்சோலை டீக்கடை முன்னால் வண்டியை மெதுவாக்கியபோது, தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மாடக்கண்ணு நின்றிருந்தான். இளைத்துப்போயிருந்தான். அவன் பார்வை முதலில் டயர்களுக்குப் போய், பிறகுதான் அப்பாத்துரையின் முகத்துக்கு வந்தது.

"எங்க அண்ணாச்சி?"

"பள்ளத்து லைனுக்கு."

"ஆருக்கும் மேலுக்கு முடியலையா?"

"இல்ல. சும்மா."

மாடக்கண்ணு கிளாஸைக் கடைப் பலகையில் வைத்துவிட்டு, கேட்காமலேயே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

வண்டி பள்ளத்துக்குள் இறங்கியது. லைன் வீடுகளுக்கு முன்னால் வண்டியைத் திருப்பி, ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தினான் அப்பாத்துரை. தடத்தில் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் கியரில் எடுத்தான். இடது சக்கரங்கள் தடத்துக்குள் சறுக்கி விழுந்தன. அந்தச் சத்தம் இதோ வரப்போகிறது என்று காத்திருந்தான். வரவில்லை. வண்டி ஒரு தரம் உதறியது. வலது பக்கம் பாறையைக் கவ்வியது. பிறகு சந்தைக்குப் போகிற மாட்டுவண்டி மாதிரி, அவசரமே இல்லாமல் ஏறியது. பாதியில் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிடலாமா என்று நினைத்தான். பின்னோக்கி வழுக்கிவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அதற்குள் மேலே மெயின் ரோடு வந்துவிட்டது.

என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மாடக்கண்ணு திரும்பி, கீழே போகிற அந்தச் சின்னப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இம்புட்டுத்தானா?" என்றான்.

அப்பாத்துரை ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டான்.

"இறக்குங்க அண்ணாச்சி. இன்னொருக்கா ஏத்துங்க."

"எதுக்கு மாடக்கண்ணு?"

"தெரியல. ஏத்துங்க."

மாடக்கண்ணு முன்சீட்டிலிருந்து இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, பின்னால் ஏறிக்கொண்டான். தார்ப்பாய்க்கு உள்ளே தரையில் கால் மடக்கி உட்காருவது கேட்டது. அப்பாத்துரை திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை மறுபடி பள்ளத்துக்கு இறக்கித் திருப்பினான்.

இரண்டாவது தடவை ஏறும்போது, கொழுந்துச் சாக்குகளைத் தலையில் சுமந்துகொண்டு பெண்கள் எதிரே இறங்கி வந்தார்கள். மழையில் பள்ளத்திலிருந்து வண்டி ஏறி வருவதைப் பார்த்துச் சட்டென்று ஓரம் ஒதுங்கினார்கள். ஒருத்தி சாக்கைக் கீழே போட்டுவிட்டு, ஜீப்போடு கூடவே நடந்து, தார்ப்பாயை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். "யாருக்கு என்ன?" என்று கேட்டவள், பாலம்மாள் கிடந்த இடத்தில் மாடக்கண்ணு மட்டும் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, பதில் வருவதற்குள் கையை எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகச் சாக்குகளை இறக்கினார்கள். ஜீப் அவர்களைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. மழையில் நனைந்தபடி, பாதையின் இரண்டு பக்கமும் அவர்கள் நின்றார்கள்.